திறக்க முடியாத விளக்கு: விற்றதைத் திரும்பப் பெற்ற அனுபவம்

மின்னேற்றம் செய்து பயன்படுத்தும் கைவிளக்குகளையும் மேசை விளக்குகளையும் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றினேன். தொழிற்சாலை வாயிலைக் கடக்கும் விளக்கில் குறை இருக்கக் கூடாது. உத்தரவாதக் காலத்துக்குள் திரும்பி வந்தால் பழுதின் காரணத்தைக் கண்டறிய வேண்டும். என் வேலை அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த விளக்கு எங்கே போகிறது, யார் கையில் எப்படி முடிகிறது என்று எங்கள் நிறுவனத்தில் எவரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. பயன்பாடு முடிந்த பொருளைத் திரும்பப் பெற்று, மறுசுழற்சி செய்து, எஞ்சியதைப் பாதுகாப்பாக அகற்றுவதும் தயாரித்தவரின் கடமையே என்று சட்டம் வந்தபோது, அதை நிறைவேற்றும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தப் பணியில் நான் செய்த தவறுகளும் கற்றுக்கொண்டவையும், இதே கடமையை ஏற்றிருப்பவர்களுக்கும், பழைய பொருள்களை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருப்பவர்களுக்கும் உதவக் கூடும்.

இந்தக் கொள்கைக்கு ‘நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ என்று பெயர். ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்க்விஸ்ட் 1990-ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு அளித்த அறிக்கையில் இதை முன்வைத்தார். அடுத்த ஆண்டே ஜெர்மனி, பொருள்களைப் பொதிந்து வரும் அட்டை, பிளாஸ்டிக், கண்ணாடி முதலியவற்றைச் சந்தைக்கு அனுப்பியவர்களே திரும்பப் பெற வேண்டும் என்று ஆணையிட்டது. ஜப்பானில் 1998-ல் நிறைவேறிய சட்டம் தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், குளிரூட்டி ஆகிய நான்கு வகைப் பொருள்களுக்கு 2001 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-லும் இந்தியா 2011-லும் மின்னணுக் கழிவுக்கு இதே அடிப்படையில் விதிகளை வகுத்தன. கழிவை அள்ளும் செலவு உள்ளாட்சியின் தோளிலிருந்து உற்பத்தியாளரின் தோளுக்கு மாற வேண்டும் என்பது இக்கொள்கையின் ஒரு பாதி மட்டுமே. அந்தச் செலவைச் சுமக்க நேர்ந்தால், எளிதில் பிரிக்கக் கூடிய, நஞ்சு குறைந்த, நீண்ட நாள் உழைக்கும் பொருளை உற்பத்தியாளர் வடிவமைக்கத் தொடங்குவார் என்பது மற்றொரு பாதி. நான் முதலாண்டில் முதல் பாதியை மட்டுமே புரிந்துகொண்டு வேலை செய்தேன்.

அப்போது நான் செய்தது மிக எளிது. உரிமம் பெற்ற மறுசுழற்சி நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டேன். திரும்பி வந்த விளக்குகளை அவர்களுக்கு அனுப்பினேன். ஆண்டு முடிவில் அவர்கள் சான்றிதழ் தந்தார்கள். சட்டப்படி நாங்கள் மறுசுழற்சி செய்ய வேண்டிய ஆண்டு இலக்கு எவ்வளவோ, கிலோ கணக்கில்கூடப் பிசகாமல் சான்றிதழிலும் அதே எடை இருந்தது. வாழ்நாளெல்லாம் அளவுகளோடு பழகியவனுக்கு இவ்வளவு கச்சிதமான எண் நிம்மதி தராது. ஒவ்வொரு வண்டிக்கும் எடைமேடையில் வழங்கிய சீட்டுகளைக் கேட்டேன். வந்த சீட்டுகளின் கூட்டுத்தொகை சான்றிதழில் இருந்ததில் பாதியைக்கூட எட்டவில்லை. பேட்டரிகளை எங்கே அனுப்பினீர்கள், அவற்றைப் பெற்றவர் தந்த ஒப்புகை எங்கே என்று கேட்டபோது பதில் வரவில்லை. எங்கள் மேலாளர் சான்றிதழ் சட்டப்படி செல்லும் என்றார், அது உண்மையும்கூட. ஆனால் நாங்கள் விற்ற ஈயமும் லித்தியமும் எங்கோ ஓரிடத்தில் மண்ணிலோ தண்ணீரிலோ இருக்கின்றன என்ற எண்ணம் என்னை விடவில்லை. அந்த ஒப்பந்தத்தை அடுத்த ஆண்டு நாங்கள் புதுப்பிக்கவில்லை.

அன்று முதல் எந்த மறுசுழற்சியாளரிடமும் முதலில் நான் கேட்பது சான்றிதழை அல்ல, பொருள் கணக்கைத்தான். நூறு கிலோ உள்ளே போனால் அதில் செம்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு, எந்த வகைப் பிளாஸ்டிக் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு, பயனற்ற மிச்சம் எவ்வளவு என்று வெளியே வந்தவற்றின் கூட்டுத்தொகை நூறை நெருங்க வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் விலைக்கு வாங்கியவரின் ரசீதோ, பாதுகாப்பாக அகற்றியவரின் ஒப்புகையோ இருக்க வேண்டும். குறிப்பாக, பயனற்ற மிச்சம் எதுவுமே இல்லை என்று ஒருவர் சொன்னால் அவரை நம்பக் கூடாது. பல பொருள்களை ஒட்டிச் செய்த எந்தக் கருவியைப் பிரித்தாலும் விலைபோகாத ஒரு பகுதி எஞ்சியே தீரும். அது எங்கே போகிறது என்பதில்தான் ஒரு மறுசுழற்சியாளரின் நேர்மை தெரியும். செம்பையும் அலுமினியத்தையும் யாரும் வீணாக்க மாட்டார்கள். தார் போன்ற பசையும், ரப்பர் ஒட்டிய பிளாஸ்டிக்கும், மின்சுற்றுப் பலகையின் மிச்சமும்தான் இரவில் எரிக்கப்படுகின்றன. முன்னறிவிப்பின்றி ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வதும் அவசியம்.

இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்த மறுசுழற்சி ஆலைக்கு நானே சென்று, பிரித்தெடுக்கும் மேசையருகே மூன்று நாள்கள் உட்கார்ந்திருந்தேன். என் பணிவாழ்வில் வேறெந்த மூன்று நாள்களும் எனக்கு இவ்வளவு கற்றுத் தந்ததில்லை. எங்கள் விளக்குகளைப் பிரித்துக்கொண்டிருந்தவர் அனுபவமுள்ள ஒரு பெண்மணி. பிற நிறுவனங்களின் பொருள்களைத் திருப்புளியால் கழற்றி வேகமாக ஒதுக்கிக்கொண்டே வந்தவர், எங்கள் விளக்கு கைக்கு வந்ததும் திருப்புளியை வைத்துவிட்டு அதை இடுக்கியில் பொருத்தி, விளிம்போடு மெல்ல அறுக்கத் தொடங்கினார். மேல் ஓடும் கீழ் ஓடும் மீயொலியால் உருக்கி ஒட்டப்பட்டிருந்ததால் வேறு வழியில்லை. உள்ளே லித்தியம் அயனி பேட்டரி, வலுவான பசையால் ஓட்டோடு ஒட்டியிருந்தது. நெம்பித்தான் எடுக்க வேண்டும். நெம்பும்போது முனை பட்டு உறை கிழிந்தால் தீப்பற்றும். அவர் காலடியில் ஒரு வாளி மணல் ஏன் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் நாள் மதியம் ஒரு பேட்டரி சீறிக்கொண்டு புகைந்தது. நான் இருக்கையிலிருந்து எழுவதற்குள் அவர் அதை மணலுக்குள் தள்ளி மூடியிருந்தார். பிறகு கையுறையைச் சரிசெய்தபடி, கோபம் எதுவும் இல்லாமல், “இதைச் செஞ்சவங்க யாரும் ஒருதடவைகூட இதைத் திறந்து பார்த்ததில்லை போலிருக்கு, சார்” என்றார்.

அந்த விளக்கைச் செய்தவர்களில் நானும் ஒருவன் என்று அவரிடம் சொன்னேன். உத்தரவாதத்தில் திரும்பிய விளக்குகளை எங்கள் ஆய்வகத்திலும் நாங்கள் அறுத்துத்தான் பார்த்தோம். பழுதின் காரணத்தை அறிய அதுவே வழி என்று பழகிப்போனதால், ஒரு பொருளைத் திறக்க அதை அழிக்க வேண்டியிருப்பதே முதல் குறை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஓட்டை உருக்கி ஒட்டுவதால் தண்ணீர் புகாது, ஒரு விளக்கைப் பூட்டி முடிக்கும் நேரமும் குறையும் என்ற காரணங்களுக்காக அந்த முறையை ஏற்றுக் கையெழுத்திட்டவர்களில் நானும் இருந்தேன். நாங்கள் மிச்சப்படுத்திய சில நொடிகளை, பல ஆண்டுகள் கழித்து, முகம் தெரியாத ஒருவர் தம் கைகளுக்கு வரும் ஆபத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் நான் அறிக்கை எழுதவில்லை. வடிவமைப்புப் பிரிவினரை அந்த மேசைக்கே அழைத்துச் சென்றேன். இந்தப் பொறுப்பை ஏற்பவர் எவரானாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். ஒவ்வொருவரும் தாம் வரைந்த பொருளைத் தம் கையால் பத்து முறை பிரித்துப் பார்க்கட்டும். மூன்றாவது விளக்கிலேயே எங்கள் மூத்த வடிவமைப்பாளர் பேச்சை நிறுத்தினார். ஐந்தாவது விளக்கை அறுப்பதற்குள் தாளை எடுத்து வரையத் தொடங்கிவிட்டார். ஜப்பானில் பெரிய வீட்டு உபயோகப் பொருள்களின் உற்பத்தியாளர்களே மறுசுழற்சி ஆலைகளை நடத்த வேண்டிய நிலை வந்ததன் உண்மையான பயன், வரைபவரும் பிரிப்பவரும் ஒரே கூரையின் கீழ் வந்ததுதான் என்பது எனக்கு அன்று புரிந்தது.

புதிய மாதிரியில் உருக்கி ஒட்டுவதை விட்டுவிட்டு, ஒரு ரப்பர் வளையமும் நான்கு திருகாணிகளும் வைத்தோம். நான்கும் ஒரே வகை, ஒரே நீளம். ஒட்டுத்தாளுக்கு அடியில் மறைத்து வைக்கவில்லை. பேட்டரியைப் பசையின்றிக் கவ்வியில் உட்கார வைத்து, பற்றவைக்காமல் செருகும் இணைப்பியால் இணைத்தோம். கண்ணாடி போன்ற முன்பகுதி வேறு வகைப் பிளாஸ்டிக் என்பதால் அதை ஒட்டாமல், அழுத்தினால் கழலும்படி பொருத்தினோம். ஒவ்வொரு பிளாஸ்டிக் பகுதியிலும் அது எந்த வகை என்ற குறியீடு, ஐஎஸ்ஓ 11469 தரநிலைப்படி, அச்சிலேயே பொறிக்கப்பட்டது. தீத்தடுப்புக்காகப் புரோமின் சேர்மங்கள் கலந்த பழைய பிளாஸ்டிக்கை முற்றிலும் விட்டொழித்தோம். அது கலந்தால் நல்ல பிளாஸ்டிக்கையும் மறுபடி பயன்படுத்த முடியாமல் போகிறது. தண்ணீர் புகாத தன்மைக்கான சோதனையில் முதல் மூன்று முயற்சிகள் தோற்றன. அச்சுகளை மாற்றும் செலவை நிர்வாகம் ஏற்குமா என்ற கவலையும் இருந்தது. அதைத் தீர்த்தது சட்டமன்று, உத்தரவாதக் கணக்கு. முன்பெல்லாம் உத்தரவாதத்தில் வந்த விளக்கை வீசிவிட்டுப் புதியது கொடுத்தோம். இப்போது பேட்டரியையோ பலகையையோ மட்டும் மாற்றிக் கொடுக்க முடிந்தது. பிரிக்க எளிதான பொருள் பழுதுபார்க்கவும் எளிதானது என்பதை நிர்வாகத்திடம் எண்களால் காட்ட முடிந்தபோது எதிர்ப்பு அடங்கியது. உள்ளேயிருந்து மாற்றம் கோருபவர்கள் தம் நிறுவனத்தின் உத்தரவாதச் செலவிலிருந்து தொடங்குவது நல்லது.

ஆனால் நல்ல வடிவமைப்புக்குச் சட்டம் எங்களுக்கு எந்தப் பலனும் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தனித்தனியே சேகரிப்பது கடினம் என்பதால் உற்பத்தியாளர்கள் பலர் கூடி ஒரு கூட்டமைப்பு வழியாகவே இதைச் செய்கிறார்கள், நாங்களும் சேர்ந்தோம். விற்ற பொருளின் எடைக்கேற்ப ஒவ்வொருவரும் கட்டணம் செலுத்த வேண்டும். திருகாணியும் ரப்பர் வளையமும் சேர்ந்ததால் எங்கள் புதிய விளக்கு சற்றுக் கனத்தது. எனவே திறக்க முடியாத பழைய விளக்குக்குச் செலுத்தியதைவிட அதிகக் கட்டணம் செலுத்தினோம். எல்லாருடைய கழிவும் ஒரே குவியலில் சேர்ந்து, செலவும் எடைப்படி பங்கிடப்படும்போது, கவனமாகச் செய்தவரின் உழைப்பின் பலன் கவனமற்றவரின் செலவில் கரைந்துவிடுகிறது. லிண்ட்க்விஸ்ட் சொன்னதன் இரண்டாம் பாதி இங்கேதான் தொலைந்துபோகிறது. பிரான்ஸ் போன்ற நாடுகள் பழுதுபார்க்கவும் பிரிக்கவும் எளிதான பொருளுக்குக் கட்டணத்தைக் குறைத்து, கடினமானதற்கு உயர்த்தும் முறையைக் கொண்டுவந்திருக்கின்றன. விதிகள் மீது கருத்துக் கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் நான் இந்த ஒன்றையே வலியுறுத்தி எழுதுகிறேன். நேரடியான கட்டளையும் பயன்படும்: ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் நிறைவேற்றிய பேட்டரி ஒழுங்குமுறைப்படி, கையில் எடுத்துச் செல்லும் கருவிகளின் பேட்டரிகளைப் பயனர் தாமே கழற்றி மாற்றும்படி 2027 பிப்ரவரி 18 முதல் இருக்க வேண்டும். பசையால் ஒட்டும் பழக்கத்தை விவாதத்தால் அசைக்க முடியாத இடத்தில் ஒரு தேதி அசைக்கும்.

இனி, பொருளைத் திரும்பப் பெறுவதைப் பற்றி. உலகில் 2022-ல் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே என்றும் 2024-ல் வெளியான உலக மின்னணுக் கழிவுக் கண்காணிப்பு அறிக்கை கூறுகிறது. எங்கள் முதல் சேகரிப்புப் பெட்டிகளைப் பார்த்தபோது இந்த எண் எனக்கு வியப்பளிக்கவில்லை. விற்பனை நிலையங்களில் வைத்த பெட்டிகளில் எங்கள் விளக்குகளைவிட அடுத்தவர் பொருள்களும், உதிரி பேட்டரிகளும், உடைந்த குழல் விளக்குகளுமே அதிகம் விழுந்தன. பாதரசம் உள்ள குழல் விளக்கும் மின்னூட்டம் மிச்சமுள்ள பேட்டரியும் ஒரே பெட்டியில் கிடப்பது ஆபத்து என்பதால், முதல் வாரத்திலேயே பெட்டியை மூன்றாகப் பிரிக்க நேர்ந்தது. கெட்ட எண்ணத்தால் யாரும் பழைய விளக்கைத் தராமல் இருக்கவில்லை; சிறிய பொருள் இழுப்பறையில் இடத்தை அடைப்பதில்லை, எனவே நினைவுக்கு வருவதில்லை. புதியதை வாங்க வரும் நாள்தான் பழையது நினைவுக்கு வரும் நாள். அந்த நாளில், அதே இடத்தில், எந்தக் கேள்வியும் இல்லாமல் வாங்கிக்கொண்டால் மட்டுமே பொருள் திரும்பும். 25 சென்டிமீட்டருக்கும் சிறிய கருவிகளை, 400 சதுர மீட்டருக்குக் குறையாத மின்பொருள் விற்பனைப் பரப்புள்ள கடைகள் புதியது வாங்காதவரிடமிருந்தும் இலவசமாக ஏற்க வேண்டும் என்ற ஐரோப்பிய விதி இந்த மனநிலையைச் சரியாகப் புரிந்துகொண்டது.

இதில் என்னை மிகவும் உலுக்கியது ஈயம். எங்கள் பழைய மாதிரிகளில் வேறு சிலவற்றில் லித்தியத்துக்குப் பதில் ஈய-அமில பேட்டரி இருந்தது. ஈயத்துக்கு எப்போதும் விலை உண்டு என்பதால், பழைய பொருள் வாங்குபவர்கள் அந்த விளக்குகளைத் தேடி வாங்கினார்கள். எங்களிடம் வந்து சேர்ந்தவை பேட்டரி இல்லாத வெற்று ஓடுகள். சேகரிப்பு விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஈய பேட்டரி வெற்றிக் கதையாகத் தோன்றும். ஏறத்தாழ முழுவதும் திரும்பிவிடுகிறதே என்பார்கள். எங்கே திரும்புகிறது என்று பார்த்தால், அமிலத்தைத் தரையில் கொட்டிவிட்டுத் திறந்தவெளி உலையில் உருக்கும் இடங்களும் அதில் இருக்கின்றன. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருக்கிறது என்று யுனிசெஃப் அமைப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை கணித்தது. முறையற்ற ஈய பேட்டரி மறுசுழற்சியை அதன் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. லித்தியம் பேட்டரியின் நிலை இதற்கு நேரெதிர்: சிறியதில் விலைபோகும் பொருள் குறைவு, எனவே யாரும் தேடி வாங்குவதில்லை, அது குப்பையோடு போகிறது. ஒன்று விலை இருப்பதால் தவறான கைக்குப் போகிறது. மற்றொன்று விலை இல்லாததால் எந்தக் கைக்கும் போவதில்லை. இரண்டையும் ஒரே இலக்கு விகிதத்தால் அளப்பது அறிவுடைமை ஆகாது.

பழைய பொருள் வாங்குபவர்களைச் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் என்று ஒதுக்குவது பெரும்பிழை. ஒவ்வொரு வாசலையும் அறிந்தவர்கள் அவர்கள்தான். பேட்டரியோடு முழுதாகக் கொண்டுவரும் ஒவ்வொரு விளக்குக்கும், அதைப் பிரித்து விற்றால் கிடைப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தருகிறோம் என்று அவர்களிடம் சொன்னோம். அன்றே கணக்கைத் தீர்த்தோம். படிவம் கேட்டு அலைக்கழிக்கவில்லை. பெட்டிகள் ஓராண்டில் தராததை அவர்கள் சில மாதங்களில் கொண்டுவந்தார்கள். உடைக்கும் வேலையை அவர்களிடமிருந்து நீக்கி, சேகரிக்கும் வேலைக்கு நல்ல ஊதியம் தருவதே இருவருக்கும் நியாயமான ஏற்பாடு.

வீட்டிலோ அலுவலகத்திலோ இத்தகைய பொருள்களை வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கழற்ற முடியாத விளக்கையோ கைபேசியையோ நீங்களே உடைத்துப் பேட்டரியை எடுக்க முயல வேண்டாம். தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரியின் முனைகளில் ஒட்டுநாடாவைச் சுற்றி வையுங்கள். இரண்டு முனைகள் உரசினாலே தீப்பற்றப் போதுமானது. உப்பிய பேட்டரியை மின்னேற்றம் செய்யாமல், அழுத்தாமல், எரியும் பொருள்கள் இல்லாத இடத்தில் மணல் நிரப்பிய உலோகப் பாத்திரத்தில் வைத்து, விரைவில் சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள். பேட்டரியை அன்றாடக் குப்பையில் போட்டால், குப்பையை அழுத்தி ஏற்றும் வண்டியிலேயே அது வெடிக்கக் கூடும். அந்த வண்டியோடு செல்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்களுக்காக மொத்தமாக வாங்குபவர்களுக்கு இன்னும் பெரிய வாய்ப்பு இருக்கிறது. பயன்பாடு முடிந்ததும் யார், எந்த முகவரியில், எத்தனை நாள்களுக்குள் எடுத்துக்கொள்வார் என்பதையும், பேட்டரியைச் சாதாரணத் திருப்புளியால் கழற்ற முடியுமா என்பதையும் ஒப்பந்தப்புள்ளியிலேயே கேளுங்கள். வாங்கிய பின் கேட்பவருக்குக் கிடைக்காத பதில், வாங்கும் முன் கேட்பவருக்கு உடனே கிடைக்கிறது. விற்பவர் பக்கத்தில் இருந்தவன் என்பதால் இதை அறிந்தே சொல்கிறேன். இணையம் வழியாக வாங்கும்போது, தயாரித்தவரின் பெயரோ முகவரியோ இல்லாத பொருளைத் தவிர்த்துவிடுங்கள். அதன் கழிவை அகற்றும் செலவை, நேர்மையாகப் பதிவு செய்துகொண்ட பிற உற்பத்தியாளர்கள் சுமக்கிறார்கள். அவர்களும் சுமக்காதபோது உங்கள் ஊராட்சியோ நகராட்சியோ சுமக்கிறது.

உருக்கி ஒட்டிய அந்தப் பழைய மாதிரியை நாங்கள் விற்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் நன்றாக உழைக்கும் விளக்கு என்பதால் அவை இன்னும் பல வீடுகளில் எரிந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் ஒரு பகுதி திரும்பி வருகிறது. அவற்றைத் திறப்பதற்கென்றே விளிம்பின் அளவுக்கு ஒரு பிடிப்பானையும், பேட்டரியைத் தொடாத ஆழத்தில் நின்றுவிடும் ஒரு வெட்டுக் கருவியையும் எங்கள் வடிவமைப்பாளர்கள் செய்து, அந்த மறுசுழற்சி ஆலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். மணல் வாளி இப்போதும் மேசையின் அடியில்தான் இருக்கிறது. கடைசி விளக்கு வந்து சேரும்வரை அந்த மேசைக்கான செலவு எங்கள் ஆண்டுக் கணக்கில் தனி வரியாக எழுதப்படுகிறது. அது எந்த ஆண்டில் முடியும் என்ற இடத்தை நாங்கள் நிரப்பவில்லை.